கடல் என்ன குப்பைத் தொட்டியா?

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி முதலிய ஊர்களில் உள்ள நம்மவர்களிடம் கடலைப் பற்றிப் பேச்செடுத்தால், "கடல் இங்கே எங்கே இருக்கின்றது? அது மெரினாக்காரன் பாடு, மீன் பிடிக்கிறவன் பாடு" என்று சொல்லிவிடுகின்றார்கள். கடலில் பிளாஸ்டிக் போய்ச் சேருகின்றது, அதைத் தின்று ஆமையும் மீனும் திமிங்கிலமும் சாகின்றன என்று பத்திரிகையில் படித்தால், "ஐயோ பாவம்" என்று ஒரு வார்த்தை சொல்லிப் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு, கடைக்குப் போய் ஒரு கவரில் சாம்பாரும் இன்னொரு கவரில் சட்டினியும் கட்டி வாங்கி வருகின்றார்கள். அந்த ஆமை செத்ததற்கும் இந்தச் சட்டினி கவருக்கும் ஏதாவது சம்பந்தம் இருக்கக்கூடும் என்று அவர்களுக்குத் தோன்றுவதே இல்லை. அந்தச் சம்பந்தத்தை எடுத்துக் காட்டுவதுதான் இவ்வியாசத்தின் நோக்கம்.

ஒரு காரியம் நடந்தால் அதற்கு ஒரு காரணம் இருந்துதான் தீரவேண்டும். ஆகாயத்திலிருந்து கடலுக்குள் கவர் விழுவதில்லை. ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் நடுவே போகின்ற சாலை பருத்திப்பட்டில் ஓர் ஆற்றைக் கடக்கின்றது. அதுதான் கூவம். அந்த ஆறு திருவேற்காட்டைத் தொட்டுக்கொண்டு, மதுரவாயல், கோயம்பேடு, அமைந்தகரை, சேத்துப்பட்டு, எழும்பூர், சிந்தாதிரிப்பேட்டை என்று ஊரை வளைத்து வளைத்துப் போய், நேப்பியர் பாலத்துக்குப் பக்கத்தில் வங்கக் கடலில் விழுகின்றது. நம் தெருவில் விழுந்த கவர் காற்றில் பறந்தோ, பெருக்கித் தள்ளப்பட்டோ சாக்கடைக்குப் போகின்றது. சாக்கடை கால்வாய்க்குப் போகின்றது. கால்வாய் கூவத்துக்குப் போகின்றது. வெயில் காலத்தில் ஆற்றின் முகத்துவாரத்தை மணல் மேடு அடைத்துக்கொள்ளுவதால் குப்பையெல்லாம் ஆற்றிலேயே தேங்கிக் கிடக்கின்றது. ஐப்பசி, கார்த்திகை மழையில் வெள்ளம் வந்தவுடன் பல மாதத்துக் குப்பையும் ஒரே மூச்சில் கடலுக்குள் தள்ளப்படுகின்றது. ஆற்றில் மிதவைத் தடுப்புகள் கட்டி மேலே மிதப்பதை மாநகராட்சியார் அள்ளத்தான் செய்கின்றார்கள். ஆனால் மூழ்கிப் போவதையும், வெள்ளம் அடித்துக்கொண்டு போவதையும் எந்தத் தடுப்பு பிடிக்கும்? ஆகவே, கடல் நமக்குத் தூரம் என்பது பேச்சுக்குத்தான். நம் வீட்டுச் சாக்கடையின் மறுமுனைதான் கடல்.

இனி, இந்தப் பொருளின் யோக்கியதையைச் சிறிது பார்ப்போம். பாலிதீன் என்கின்ற வஸ்து 1933ஆம் வருஷத்தில் இங்கிலாந்தில் ஒரு ரசாயனக் கம்பெனியின் ஆராய்ச்சிச் சாலையில் தற்செயலாய்க் கண்டுபிடிக்கப்பட்டது. இன்று கடைகளில் தொங்குகின்ற கைப்பிடி வைத்த பாலிதீன் பையை ஸ்வீடன் தேசத்தைச் சேர்ந்த துலீன் என்பவர் கண்டுபிடித்து, 1965ல் அதற்கு உரிமை பெறப்பட்டது. அவர் தாம் செய்த பையை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, திரும்பத் திரும்ப அதையே உபயோகிப்பது வழக்கம் என்று அவர் மகன் கூறியிருக்கின்றார். கண்டுபிடித்தவனுக்கு இருந்த புத்தி, வாங்கி உபயோகிக்கும் நமக்கு இல்லாமல் போயிற்று என்பதுதான் இதிலுள்ள வேடிக்கை.

வாழை இலையை எறிந்தால் மாடு தின்னும், அல்லது பத்து நாளில் மக்கி மண்ணாகும். அதைத் தின்று செரிக்கக்கூடிய கிருமிகள் மண்ணில் இருக்கின்றன. பாலிதீனோ மண்ணெண்ணெய் வர்க்கத்திலிருந்து மனிதன் செய்த வஸ்துவாதலால், அதைத் தின்று செரிக்க மண்ணிலோ கடலிலோ தக்க கிருமிகள் இல்லை. வெயிலில் காய்ந்து, அலையில் அடிபட்டு, அது துண்டு துண்டாய் உடையும், துண்டு தூளாகும், தூள் கண்ணுக்குத் தெரியாத பொடியாகும். ஆனால் பொடியான பிறகும் அது பிளாஸ்டிக்காகவே இருக்கும்.

1950ல் உலகம் முழுவதும் வருஷத்துக்கு 20 லட்சம் டன் பிளாஸ்டிக் செய்யப்பட்டது. 2015ல் அது சுமார் 38 கோடி டன் ஆயிற்று. அதுவரையில் உலகத்தில் சேர்ந்த பிளாஸ்டிக் கழிவு சுமார் 630 கோடி டன் என்றும், அதில் மறுபடி உருக்கி உபயோகப்படுத்தப்பட்டது நூற்றுக்கு 9 பங்குதான் என்றும், 12 பங்கு கொளுத்தப்பட்டது என்றும், பாக்கி 79 பங்கு குப்பை மேட்டிலும் நிலத்திலும் நீரிலுமே கிடக்கின்றது என்றும் 2017ல் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் கணக்குப் போட்டுச் சொன்னார்கள். 2010ஆம் வருஷம் ஒன்றில் மாத்திரம் கரையிலிருந்து கடலுக்குள் போனது 48 லட்சம் டன்னுக்குக் குறையாது, 127 லட்சம் டன் வரை இருக்கலாம் என்பது மற்றொரு மதிப்பு.

கடலுக்குள் போனதும் அது என்ன செய்கின்றது என்பதை அறியக் கடலுக்குப் போக வேண்டியதில்லை, திருமுல்லைவாயலுக்குப் போனால் போதும். 2019 அக்டோபரில் அவ்வூர்ப் பசு ஒன்றை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டு போய், டாக்டர்கள் வயிற்றைக் கிழித்து 52 கிலோ பிளாஸ்டிக்கை வெளியே எடுத்தார்கள். மாட்டைக் கோமாதா என்று கும்பிட்டு, அதன் மூத்திரத்தைக்கூடப் புனிதம் என்று தலையில் தெளித்துக்கொள்ளுகின்ற தேசத்தில், அந்தக் கோமாதாவின் வயிற்றுக்குள் 52 கிலோ குப்பை போயிருக்கின்றது. மிச்சச் சோற்றைக் கவரில் வைத்து முடிச்சுப் போட்டு வீதியில் எறிந்தால், முடிச்சை அவிழ்த்துத் தின்ன மாட்டுக்குக் கையா இருக்கின்றது? சோற்றோடு கவரையும் சேர்த்துத்தான் விழுங்கும்.

மாட்டுக்கு நடப்பதேதான் ஆமைக்கும் நடக்கின்றது. கடல் ஆமைகளில் பல ஜாதிகள் சொறி மீனைத் தின்னும். தண்ணீரில் மிதக்கின்ற வெள்ளைக் கவர் பார்வைக்குச் சொறி மீனைப் போலவே இருக்கின்றது. அதுமாத்திரமல்ல, கடலில் சில நாள் கிடந்த பிளாஸ்டிக்கின் மேல் பாசியும் கிருமியும் படிந்து, தீனியின் வாசனையே அதற்கு வந்துவிடுகின்றது என்று 2020ல் பரீட்சை செய்து கண்டிருக்கின்றார்கள். கண்ணும் மோசம் போகின்றது, மூக்கும் மோசம் போகின்றது. பிறகு அந்தப் பிராணி எதை நம்பும்? விழுங்கிய பிளாஸ்டிக் குடலை அடைக்கும், அல்லது கிழிக்கும். வயிறு நிறைந்தது போன்ற உணர்ச்சியைக் கொடுத்துப் பட்டினி போட்டுக் கொல்லுவதும் உண்டு. ஓர் ஆமையின் வயிற்றில் 14 துண்டு இருந்தால், அது சாவதற்கும் பிழைப்பதற்கும் சரிபாதி வாய்ப்பு என்று 2018ல் ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர்கள் கணக்கிட்டார்கள். நம் கரையில் தை, மாசி, பங்குனியில் முட்டையிட வருகின்ற பங்குனி ஆமையும் இந்தக் கடலில் திரிகின்ற பிராணிதான்.

2018 நவம்பரில் இந்தோனேசியாவில் செத்துக் கரை ஒதுங்கிய ஒரு திமிங்கிலத்தின் வயிற்றைக் கிழித்துப் பார்த்தபோது, ஏறக்குறைய 6 கிலோ பிளாஸ்டிக் இருந்தது. அதில் 115 குடிக்கும் கோப்பைகள், 25 பைகள், இரண்டு ரப்பர் செருப்புகள். ஒரு கலியாண வீட்டுக் கொல்லைப்புறத்தில் கிடக்க வேண்டியதெல்லாம் ஒரு திமிங்கிலத்தின் வயிற்றில் கிடந்திருக்கின்றது. இவையன்றி, அறுந்துபோன நைலான் வலைகள் ஆள் இல்லாமலே பல வருஷ காலம் கடலுக்குள் மீனையும் ஆமையையும் பிடித்துக் கொன்றுகொண்டே இருக்கின்றன. பழைய பருத்தி வலையாயிருந்தால் நாளடைவில் மக்கிப் போயிருக்கும்.

நிற்க. நாம் பகுத்தறிவுக்காரர்கள் என்று சொல்லிக்கொள்ளுவதால், உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும். 2025 ஜனவரியில் சென்னைக் கரையில் நூற்றுக்கணக்கான பங்குனி ஆமைகள் செத்து ஒதுங்கின. உடனே சிலர் "எல்லாம் பிளாஸ்டிக்" என்று சொன்னார்கள். அவை பெரும்பாலும் இழுவைப் படகுகளின் வலையில் சிக்கி, மூச்சுவிட மேலே வரமுடியாமல் செத்தவை என்பதுதான் அறிந்தோர் கூறியது. அந்த இந்தோனேசியத் திமிங்கிலமும் பிளாஸ்டிக்கினால்தான் செத்தது என்று அதை ஆராய்ந்தவர்கள் முடிவு கட்டவில்லை. உண்மையான குற்றமே போதுமானதாய் இருக்கும்போது, பொய்க் குற்றத்தைச் சேர்ப்பது நம் வழக்கைத்தான் கெடுக்கும்.

மனிதனுக்கு இதனால் என்ன என்று கேட்கலாம். பிளாஸ்டிக் பொடியைக் கடலில் மிதக்கும் சிறு பூச்சி தின்கின்றது. பூச்சியைச் சிறு மீனும், சிறு மீனைப் பெரிய மீனும் தின்கின்றன. பெரிய மீனை நாம் தின்கின்றோம். கடலுப்பிலும் அந்தப் பொடி காணப்பட்டிருக்கின்றது. 2022ல் ஹாலந்து தேசத்தில் 22 பேருடைய ரத்தத்தைச் சோதித்ததில் 17 பேர் ரத்தத்தில் பிளாஸ்டிக் இருந்தது. அது உடம்புக்குள் என்னென்ன தீங்கு செய்யும் என்பது இன்னும் ஆராய்ச்சியில் இருக்கின்றது. ஆதலால் இதற்குப் பயந்து யாரும் மீன் தின்பதை விட்டுவிட வேண்டியதில்லை. விட்டால் மீனவன் பிழைப்புத்தான் கெடும். ஏற்கெனவே அவன் வலையில் மீனோடு நம் குப்பையும் ஏறி, பொழுதையும் வலையையும் பாழாக்குகின்றது. நாம் எறிந்ததற்கு அவன் கூலியில்லாமல் அள்ளுகின்றான்.

இப்படியெல்லாம் இருக்கையில், படித்தவனும் படிக்காதவனும் ஒன்றுபோல் கூசாமல் எறிவதற்குக் காரணம் என்ன? அறியாமை மாத்திரம் என்று நாம் நினைக்கவில்லை. நம் மக்களுடைய மண்டைக்குள் வெகு காலமாய் ஊறிக் கிடக்கின்ற இரண்டு எண்ணங்கள்தான் காரணம் என்பது நமது அபிப்பிராயம்.

முதலாவது, தண்ணீர் எதையும் சுத்தம் செய்துவிடும் என்கின்ற எண்ணம். பன்னிரண்டு வருஷத்துப் பாவத்தை ஒரு முழுக்கில் ஆறு கழுவிவிடும், கடல் கழுவிவிடும் என்று பிள்ளைப் பிராயம் முதல் சொல்லிக் கொடுக்கப்பட்டவனுக்கு, ஒரு கவரை ஆற்றில் போடுவது குற்றமாய்த் தோன்றுமா? பாவத்தையே கரைக்கின்ற தண்ணீர் பாலிதீனைக் கரைக்காதா என்றுதான் அவன் நினைப்பான். ஆடி அமாவாசையன்று திதி கொடுத்துவிட்டுக் கட்டியிருந்த துணியைக் கடலிலேயே விட்டு வருவதும், பூஜை செய்த மாலையைக் கவரோடு ஏரியில் போடுவதும், சாயம் பூசிய பொம்மையைக் கரைப்பதும் எல்லாம் இந்த எண்ணத்தின் விளைவுதான். தண்ணீர் எதையும் அழிப்பதில்லை. நம் கண்ணுக்கு மறைவான இடத்துக்குத் தூக்கிக்கொண்டு போகின்றது, அவ்வளவுதான். எறிந்தால் ஒழிந்தது என்பதைப் போன்ற மூடநம்பிக்கை வேறு ஒன்று இல்லை.

இரண்டாவது, ஜாதி எண்ணம். நம் வீட்டு வாசற்படிக்கு உள்ளே இருப்பது சுத்தம், படிக்கு வெளியே இருப்பது எவன் பாடோ என்பதும், அந்த "எவனோ" ஒரு குறிப்பிட்ட ஜாதியில் பிறந்தவன் என்பதும் இந்நாட்டில் சொல்லாமலே விளங்குகின்ற சட்டம். தீட்டுக்கு அஞ்சித் தினம் இரண்டு வேளை குளிப்பவன், தான் தின்ற இலையையும் குடித்த கோப்பையையும் வீதியில் எறிவதற்குக் கொஞ்சமும் அஞ்சுவதில்லை. ஏனெனில், அதை எடுப்பதற்கென்றே ஒருவனைப் பகவான் படைத்திருப்பதாக அவன் எண்ணம். துப்புரவுத் தொழிலாளி என்றிருந்ததைத் தூய்மைப் பணியாளர் என்று மரியாதையாய் மாற்றிவிட்டோம். பெயர் மாறியது சரி, அவர் கை வைத்து அள்ளுகின்ற நாற்றம் மாறியதா? குழம்பும் மீன் முள்ளும் பிள்ளையின் மலத்துணியும் ஊசியும் ஒரே கவரில் முடிந்து கொடுத்தால், அதைப் பிரித்துத் தரம் பார்க்க வேண்டியது அவர் தலையெழுத்தா? தன் அழுக்கைத் தானே பார்த்துக்கொள்ளுவது இழிவு என்று எண்ணுகின்றவன், ஜாதி ஒழியவேண்டும் என்று மேடையில் பேசுவதில் அர்த்தமில்லை.

மற்றபடி, எல்லாப் பழியையும் பூக்காரியின் மேலும் இட்டிலிக் கடைக்காரியின் மேலும் போட்டுவிட்டுப் பெரிய இடத்தை விட்டுவிட நாம் சம்மதியோம். 2021 மே மாதம் 20ந் தேதி கொழும்புக்கு எதிரில் எக்ஸ்-பிரஸ் பேர்ள் என்ற கப்பல் தீப்பிடித்து, ஜூன் மாதத்தில் மூழ்கிற்று. பிளாஸ்டிக் சாமான் செய்வதற்கான மூலப்பொருளாகிய பயறு போன்ற உருண்டைகள் சுமார் 1,680 டன் அதில் இருந்தன. இலங்கையின் மேற்குக் கரை முழுவதும் வெண்பனி பெய்தது போல் அவ்வுருண்டைகள் கிடந்தன. ஆமைகளும் ஓங்கில்களும் செத்து ஒதுங்கின, மீன்பிடி நின்றது. 2025 ஜூலையில் அந்நாட்டு உச்சநீதி மன்றம் நூறு கோடி டாலர் நஷ்டஈடு கொடுக்கும்படி தீர்ப்புச் சொல்லிற்று. அதே 2025 மே 25ந் தேதி எம்.எஸ்.சி. எல்சா 3 என்ற கப்பல் கேரளக் கடலில் மூழ்கி, அதிலிருந்த உருண்டைகள் திருவனந்தபுரத்திலும் நம் கன்னியாகுமரிக் கரையிலும் ஒதுங்கின. இவற்றையெல்லாம் பூக்காரியா எறிந்தாள்?

ஷாம்பு பாக்கெட்டையே எடுத்துக்கொள்ளுவோம். கடலூரைச் சேர்ந்த சின்னி கிருஷ்ணன் என்பவர் ஷாம்புவைச் சிறு பாக்கெட்டில் அடைத்து விற்கலாம் என்று வழிகாட்டினார். முழுப் புட்டி வாங்க முடியாத ஏழைக்கு அது உபகாரமாகவே இருந்தது. அதை நாம் குறை சொல்லவில்லை. ஆனால் அதைப் பார்த்து எண்ணெய், ஊறுகாய், பொடி, தூள் என்று எல்லாக் கம்பெனிகளும் பாக்கெட்டில் இறங்கின. லாபம் பெட்டிக்குள்ளும், பாக்கெட்டு சாக்கடைக்குள்ளும் போகின்றது. விற்றவனே தன் பாக்கெட்டைத் திரும்பச் சேகரிக்கப் பொறுப்பாளி என்று இந்திய சர்க்காரின் 2016ஆம் வருஷத்து விதிகளில் இருக்கின்றது. 2022ல் அது மேலும் விளக்கி எழுதப்பட்டது. நம் தெருவுக்கு எந்தக் கம்பெனி ஆள் வந்து தன் காலிப் பாக்கெட்டைக் கேட்டான் என்று வாசகர்களே சொல்லட்டும்.

நம் மாகாண சர்க்கார் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல முடியாது. ஒரு தடவை உபயோகித்து எறிகின்ற 14 வகைப் பிளாஸ்டிக் சாமான்களுக்கு 2018ல் தடை உத்தரவு போட்டு, 2019 ஜனவரி 1ந் தேதி முதல் அமல் செய்தார்கள். பை, தட்டு, தேநீர்க் கோப்பை, தண்ணீர்ப் பாக்கெட்டு, உறிஞ்சு குழல் எல்லாம் அதில் அடக்கம். 2021 டிசம்பரில் "மீண்டும் மஞ்சப்பை" என்று பிரசாரமும் தொடங்கினார்கள். 2022 ஜூலை 1 முதல் இந்தியா முழுவதற்கும் ஒரு தடை வந்தது. சட்டத்துக்குக் குறைவில்லை. ஆனால் அம்பத்தூர் மார்க்கெட்டிலும் பூந்தமல்லி பஸ் நிலையத்திலும் கவர் கிடைக்கத்தானே செய்கின்றது? கடைக்குக் கடை புகுந்து பறிமுதல் செய்து அபராதம் போடுகின்றவர்கள், அந்தக் கவர் எந்தத் தொழிற்சாலையில் எந்த யந்திரத்தில் செய்யப்பட்டு வருகின்றது என்று அதே சுறுசுறுப்போடு தேடினால், ஊற்றுக்கண்ணே அடைபட்டுப் போகுமே! குழாயைத் திறந்துவிட்டுத் தரையைத் துடைப்பது என்ன புத்திசாலித்தனம்?

உலக வல்லரசுகளின் யோக்கியதையும் இதுதான். பிளாஸ்டிக்கைக் கட்டுப்படுத்த ஓர் உலக ஒப்பந்தம் செய்வதென்று 2022 மார்ச்சில் நைரோபியில் எல்லாத் தேசத்தாரும் கூடித் தீர்மானித்தார்கள். 2024 கடைசியில் தென்கொரியாவின் பூசானில் கூடினார்கள், முடியவில்லை. 2025 ஆகஸ்டில் ஜெனீவாவில் கூடினார்கள். அங்கும் ஒப்பந்தம் ஏற்படாமலே கலைந்தார்கள். உற்பத்தியையே குறைக்க வேண்டும் என்று நூறு தேசங்களுக்கு மேல் கேட்க, எண்ணெய்க் கிணறு வைத்திருக்கும் தேசங்கள் "குப்பையைப் பற்றிப் பேசுங்கள், உற்பத்தியைப் பற்றிப் பேசாதீர்கள்" என்கின்ற போக்கில் நின்றன. எறிந்தவனைத் திட்டு, செய்தவனை விட்டுவிடு என்பதுதான் இதன் கருத்து.

சிலர், "பிளாஸ்டிக் இல்லாமல் வாழ முடியுமா? இது பழைய காலத்துக்குப் போகச் சொல்லும் பேச்சு அல்லவா?" என்று கேட்பார்கள். பழைய காலத்துக்குப் போகச் சொல்லுவது நம் வேலையல்ல. ஆஸ்பத்திரியில் ரத்தம் ஏற்றும் பையும், ஊசியும், வீட்டுக்குத் தண்ணீர் கொண்டுவரும் குழாயும் பிளாஸ்டிக்கினால் மனிதன் அடைந்த நன்மைகள். அவற்றை யாரும் விடவேண்டாம். ஐந்து நிமிஷம் சட்டினியைச் சுமப்பதற்கு, ஐந்து தலைமுறைக்கு அழியாத வஸ்து எதற்கு என்பதுதான் நம் கேள்வி. "நான் ஒருவன் மஞ்சப்பை எடுத்துப் போனால் கடல் சுத்தமாகிவிடுமா?" என்று கேட்கின்றவர்களும் உண்டு. ஒருவன் ஒருவனாகத்தானே இந்தக் குப்பையும் சேர்ந்தது? "எல்லாம் கலிகாலம், நடப்பது நடக்கும்" என்று சொல்லுகின்றவர்களோடு நமக்கு வாதமில்லை. கவரைக் கையில் வாங்கியது கலி புருஷனா, அவர்களா என்று மாத்திரம் கேட்டு விட்டுவிடுகின்றோம்.

ஆகவே நம் வாசகர்களையும், ஊர்தோறும் உள்ள இயக்கத் தோழர்களையும் நாம் கேட்டுக்கொள்ளுவது இதுதான். கடைக்குப் போகும்போது துணிப் பையும், குழம்பு வாங்கும்போது தூக்குப் பாத்திரமும் எடுத்துப் போங்கள். அதில் ஒன்றும் கௌரவக் குறைவு இல்லை. நம் கூட்டங்களிலும் நம் திருமணங்களிலும் பிளாஸ்டிக் கோப்பையும் தண்ணீர்ப் பாக்கெட்டும் நுழையக் கூடாது என்று வைத்துக்கொள்ளுங்கள். புரோகிதனையே விலக்கியவர்களுக்குப் பிளாஸ்டிக் தம்ளரை விலக்குவதா கஷ்டம்? குப்பையை மக்குவது வேறு, மக்காதது வேறு என்று பிரித்து, எடுக்க வருகின்றவரை மனிதராய் மதித்துக் கையில் கொடுங்கள். மழை தொடங்கும் முன்பே உங்கள் தெருக் கால்வாயைத் துப்புரவு செய்யும்படி ஆவடி மாநகராட்சியையும், பூந்தமல்லி, திருவேற்காடு நகராட்சிகளையும், சென்னை மாநகராட்சியின் அம்பத்தூர் மண்டலத்தையும் எழுத்து மூலம் கேளுங்கள். ஓட்டுக் கேட்க வருகின்றவனிடம், தடை செய்த கவர் எங்கே தயாராகின்றது என்று கேளுங்கள். பாக்கெட்டில் அடைத்து விற்கின்ற கம்பெனி அதைத் திரும்ப வாங்கிக்கொள்ளுகின்ற வரையில் கேட்டுக்கொண்டே இருங்கள்.

கடலில் இருக்கின்ற ஆமைக்கு ஓட்டு இல்லை, மீனுக்குப் பத்திரிகை இல்லை. அவற்றுக்காகக் கேட்கக்கூடிய பிராணி மனிதன் ஒருவன்தான். அவற்றைக் கெடுத்தவனும் அவன் ஒருவன்தான் என்பதை மறவாமல், இந்த ஐப்பசி மழை வருவதற்குள் நம் தெருச் சாக்கடையிலிருந்து வேலையைத் தொடங்க வேண்டுமாய்க் கேட்டுக்கொள்ளுகின்றோம்.